ராஜாலாவின் கால் அங்குலம்

மகேந்திரராஜா பனியைக் கண்டதில்லை. சிலோனில், கொண்டாவில் என்ற ஊரின் பஸ் டிப்போவில் ஒன்பது வருடம் இஞ்சினியராக இருந்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்தவர். மேற்குப் பக்கத்தில், சன்ஷைனில், கெவ் ஹார்டிமன் என்பவருடைய கராஜில் மெக்கானிக்காகச் சேர்ந்து இரண்டு வருடமாகியிருந்தது. இஞ்சினியர் வேலைக்கு அவர் எழுதிப்போட்ட கடிதங்களுக்கெல்லாம் 'உள்ளூர் அனுபவம் போதாது' என்றே பதில் வந்தது. உள்ளூரில் யாராவது வேலை தந்தால்தானே உள்ளூர் அனுபவம் கிடைக்கும் என்று ஒருமுறை மிக மரியாதையாகத் திருப்பி எழுதினார். அதற்குப் பதில் வரவில்லை.

1977 ஜனவரியில், வெயில் நாற்பத்தொரு பாகை அடித்த ஒரு நாளில், லொறி ஒன்று கராஜ் வாசலில் ஒரு பனிவண்டியை இறக்கிவிட்டுப் போனது. ஸ்னோமொபைல் என்று அதற்குப் பெயர். முன்னால் சில்லுக்குப் பதிலாக இரண்டு ஸ்கீக்கள், பின்னால் அகலமான ரப்பர் பட்டை, நடுவில் மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல ஓர் ஆசனம். மான்ஸ்பீல்டுக்கு அப்பால் மலையில் இருந்த ஒரு விடுதிக்குச் சொந்தமானது. பனிக்காலத்தில் அதை ஓட்டவேண்டும் என்பதால் கோடையில்தான் திருத்த அனுப்புவார்கள்.

வண்டியோடு ஒரு பெட்டியும் வந்தது. ஸ்கீக்களைத் தாங்கிக்கொண்டிருந்த பழைய வில்லுத்தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பூட்டுவதற்கு அமெரிக்காவிலிருந்து வருவித்த புதுச் சஸ்பென்ஷன். முக்கோண வடிவில் நாலு இரும்புக் கைகள், சுருள் வில்லுப் போட்ட இரண்டு ஷொக் அப்சோர்பர், ஹாண்டிலையும் ஸ்கீயையும் தொடுக்கிற ரை ரொட் என்ற தண்டுகள் இரண்டு, ஒரு பை நிறைய நட்டும் போல்ட்டும்.

"பூட்டுவீரோ, ராஜா?" என்று கெவ் கேட்டார். இஞ்சின் என்று ஒன்று இருந்தால் எதையும் திருத்த ஏற்றுக்கொள்வது கெவ்வின் வழக்கம். ஏற்றுக்கொண்ட பிறகுதான் யோசிப்பார். மகேந்திரராஜா என்ற பெயரில் முதல் ஐந்து எழுத்தை அவர் வேலைக்குச் சேர்த்த அன்றே கழற்றிவிட்டார்.

"பூட்டலாம். புத்தகம் இருக்குத்தானே."

புத்தகம் இருந்தது. மகேந்திரராஜா அதன்படியே மூன்று நாளில் எல்லாவற்றையும் பூட்டினார். பதினோராம் பக்கத்தின் கடைசி வரி, 'இனி வருவதே எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. கவனமாக வாசிக்கவும்' என்றிருந்தது. பன்னிரண்டாம் பக்கம் கிழிந்து போயிருந்தது.

அந்த முக்கியமான வேலை என்ன என்று ஊகிப்பதற்குப் பெரிய மூளை தேவையில்லை. இரண்டு ஸ்கீயையும் நேர்ப்படுத்துவது. ஆனால் எப்படி நேர்? பஸ்ஸின் முன்சில்லுகளை அவர் ஆயிரம் முறை நேர்ப்படுத்தியிருக்கிறார். அவற்றை முன்பக்கம் ஒரு மயிரிழை ஒடுங்கி நிற்கும்படி வைப்பார்கள். ஆனால் சில்லு உருளுவது, ஸ்கீ வழுக்குவது. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தவேண்டும் என்று கட்டாயமில்லை. கெவ்விடம் கேட்டதற்கு, "நானும் பனியைப் படத்திலைதான் பார்த்திருக்கிறன்" என்றார்.

அன்று மாலை வீட்டுக் குசினியில், அவருடைய மனைவி சிவனேஸ்வரி இடியப்பத்துக்கு வறுத்து அரித்து வைத்திருந்த அரிசிமா முழுவதையும் பெரிய தட்டில் கொட்டிப் பரப்பினார். இரண்டு மரக்கட்டைகளை ஒரு குறுக்குத்தடியில் ஆணி அடித்துப் பொருத்தி மாவுக்குள் தள்ளத் தொடங்கினார்.

சிவனேஸ்வரி வாசலில் நின்று பார்த்தாள். "என்னப்பா இது?"

"பனி."

"அது என்ரை மா."

"கொஞ்சம் பொறும். முன்பக்கம் ஒடுங்கி நிண்டால் என்ன நடக்குது எண்டு பாரும்."

கட்டைகள் முன்பக்கம் ஒடுங்கியிருந்தபோது நடுவில் மா குவிந்தது. தடி ஒருமுறை இடதுபக்கம் முட்டியது, ஒருமுறை வலதுபக்கம். சரிக்குச் சரி நேராக வைத்துத் தள்ளியபோதும் சின்னதாக ஒரு நடுக்கம் இருந்தது. முன்பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் விரித்து வைத்துத் தள்ளினார். தட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை இரண்டு சுத்தமான கோடுகள் விழுந்தன.

"கால் அங்குலம்" என்றார் மகேந்திரராஜா. "கால் அங்குலம் விரிஞ்சு நிக்கவேணும்."

"இடியப்பம் இல்லை. இரவைக்குப் பாண்தான்" என்றாள் சிவனேஸ்வரி.

கால் அங்குலம் என்று கண்டுபிடித்தால் போதாது. ஆள் ஏறி இருந்தால் சுருள் வில்லு அமுங்கும். அமுங்கினால் முக்கோணக் கைகளின் சரிவு மாறும். சரிவு மாறினால் ரை ரொட் ஸ்கீயை இழுக்கும். ஆகவே வண்டியை ஓட்டுகிறவர் ஏறி இருக்கும்போதுதான் அளக்கவேண்டும். விடுதி மனேஜர் டெஸ் வில்லெட் வண்டியைத் தானே ஓட்டுவார் என்றும், அவருடைய எடை நூற்றுப்பத்துக் கிலோ என்றும் கெவ் சொன்னார். கெவ் எண்பது கிலோ.

ஆகையால் அடுத்த நாள் கெவ் பனிவண்டியில் ஏறி, மடியில் ஒரு பழைய ஹோல்டன் காரின் கியர்பெட்டியைச் சுமந்துகொண்டு, இரண்டு மணித்தியாலம் இருந்தார். தகரக்கூரைக்குக் கீழே சூடு கொதித்தது. மகேந்திரராஜா ஹாண்டிலை நடுவில் வைத்துக் கட்டினார். பின்னாலிருந்த ரப்பர் பட்டையின் பக்கத்தோடு ஒட்டி நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து, அதை ஸ்கீ வரைக்கும் நீட்டினார். சட்டத்திலிருந்து ஸ்கீயின் முன்நுனிக்கு ஓர் அளவு, பின்நுனிக்கு ஓர் அளவு. இரண்டு ஸ்கீயையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் இரண்டும் சேர்ந்தே பிழையாக நிற்கலாம். பட்டைதான் வண்டியைத் தள்ளுவது, ஆகவே பட்டையோடுதான் ஒப்பிடவேண்டும். ரை ரொட்டை அரைச்சுற்றுத் திருப்புவார், அளப்பார். கால்சுற்றுத் திரும்பவும் தளர்த்துவார், அளப்பார்.

"ராஜா, நான் செத்திட்டன்" என்றார் கெவ்.

"அசையவேண்டாம்."

அந்த நேரம் பார்த்து ரெலிபோன் அடித்தது. மகேந்திரராஜா வயரோடு ரிசீவரை இழுத்துவந்து கெவ்வின் காதில் பிடித்தார். மலையிலிருந்து டெஸ் பேசினார். லைன் கரகரத்தது. "அந்தச் சஸ்பென்ஷனை நேர்ப்படுத்துறது விளையாட்டு வேலை இல்லை. பனி தெரிஞ்ச ஆள் ஆராவது உங்களிட்டை இருக்கினமோ?"

கியர்பெட்டிக்கு மேலால் கெவ் கத்தினார்: "கவலைப்படாதை. ராஜா'ல் டூ இட்!"

'ராஜா வில் டூ இட்' என்பதைத்தான் அவர் அப்படிச் சுருக்கிச் சொன்னார். ராஜா செய்வார். ஆனால் மலையுச்சியில், கரகரத்த லைனில், டெஸ் வில்லெட்டின் காதில் விழுந்தது 'ராஜாலா.'

டெஸ் ரெலிபோனை வைத்துவிட்டு, விடுதியில் வேலை செய்த எர்க்கி என்ற பின்லாந்துக்காரரிடம் கேட்டாராம்: "ராஜாலா எண்டு ஒரு பேர் இருக்கோ?" எர்க்கி, "ஓம், எங்கடை பேர்தான். எங்கடை ஊரிலை இரண்டு ராஜாலா குடும்பம் இருந்தது" என்றாராம். டெஸ்ஸுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சன்ஷைனில் ஒரு பின்லாந்து நிபுணர்! வரப்போகும் பனிக்காலத்துக்கான விளம்பரத் தாளில் அதையும் சேர்த்து அச்சடிக்கக் கொடுத்தார்.

இதெல்லாம் மகேந்திரராஜாவுக்குத் தெரியாது. அவர் ரை ரொட்டின் பூட்டு நட்டுகளை இறுக்கி, ஒவ்வொன்றின் மேலும் சிவனேஸ்வரியின் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு கோடு இழுத்தார். யாராவது நட்டைத் தொட்டால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். டிப்போவில் பெயின்றால் செய்தது, இங்கே நகப்பூச்சு. வண்டி மலைக்குத் திரும்பிப் போனது.

ஏப்ரல் மாதம் கராஜுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் 'மிஸ்டர் ராஜாலா' என்றிருந்தது. உள்ளே நாலு பக்கம், நெருக்கமான கையெழுத்து. ஒரு சொல்லும் விளங்கவில்லை. மகேந்திரராஜா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிவனேஸ்வரியிடம் காட்டினார்.

"எல்லா எழுத்துக்கும் மேலை இரண்டு இரண்டு பொட்டு வைச்சிருக்கினம்" என்றாள் அவள். "ஆரோ ஆருக்கோ மனம்விட்டு எழுதியிருக்கினம் போல."

"எப்பிடித் தெரியும்?"

"வியாபாரக் கடிதம் எண்டால் நாலு பக்கம் எழுதுவினமோ?"

யாருடைய கடிதம் என்று தெரியாததால் எறியவும் மனம் வரவில்லை. மகேந்திரராஜா அதை ஸ்பனரும் சுத்தியலும் வைக்கிற ஆயுதப் பெட்டியின் மூடிக்குள் செருகிவைத்தார்.

ஓகஸ்ட்டில் டெஸ் திரும்பவும் ரெலிபோன் எடுத்தார். வண்டி பாம்புபோல நெளிகிறதாம். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதாம். சனிக்கிழமை புதுச் சஸ்பென்ஷன் பூட்டிய வண்டியைப் பார்க்க விருந்தினர் நாற்பது பேர் வருகிறார்கள், ஆகவே ராஜாலாவையே அனுப்பச் சொன்னார். கெவ்வுக்கு 'லா' என்ற கடைசி எழுத்து காதில் ஏறவேயில்லை. "ராஜாவை அனுப்புறன்" என்றார்.

சிவனேஸ்வரி மூன்று ஸ்வெட்டர் போடவைத்தாள். அதற்கு மேலால் அவர் தன்னுடைய கோட்டைப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டினார். வேலைக் களத்துக்கு இஞ்சினியர் போவது அப்படித்தான். கையில் ஆயுதப் பெட்டி.

மலையடிவாரத்தில் பஸ் நின்ற இடத்தில் எல்லாமே வெள்ளையாக இருந்தது. முதன்முதலாகப் பனியைக் கண்டவர் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். அரிசிமாவைவிட ஈரம், ஆனால் இறுகும் விதம் கிட்டத்தட்ட அதுதான். திருப்தியாக இருந்தது.

பஸ்ஸிலிருந்து இருபது பேர் இறங்கினார்கள். பெரிய உடம்போடு ஒருவர், 'மிஸ்டர் ராஜாலா' என்று எழுதிய மட்டையைப் பிடித்தபடி நின்றார். மகேந்திரராஜா மட்டையை வாசித்தார். அந்தப் பொட்டுக் கடிதத்தின் உறையில் இருந்த பெயர்தான், ஆனால் தன் பெயர் இல்லை. தன்னைக் கூட்டிப்போக வேறு யாரோ வருவார்கள் என்று ஒரு கரையில் நின்றார். ஸ்கீ தூக்கியவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். பஸ்ஸும் போனது. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அந்த வெளியில் இரண்டே இரண்டு பேர் நின்றார்கள்.

மட்டைக்காரர் மெல்லக் கிட்ட வந்தார். "டொக்டர், நீங்கள் பாதை மாறி வந்திட்டீங்களோ?"

"நான் டொக்டர் இல்லை. சன்ஷைனிலை இருந்து வாறன். சஸ்பென்ஷன் பார்க்க."

டெஸ் வில்லெட் அவருடைய முகத்தைப் பார்த்தார், ரையைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த மட்டையைப் பார்த்தார். "ராஜாலா?"

"மகேந்திரராஜா."

டெஸ் மட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார், யாரும் வாசித்துவிடக்கூடாது என்பதுபோல. அங்கே அவர்களைத் தவிர யாருமில்லை.

மலையேறும் வழியில் டெஸ் நிலைமையை விளக்கினார். ஆள் கெட்டவர் இல்லை, சங்கடப்பட்டுக்கொண்டேதான் சொன்னார். "விளம்பரத்திலை பின்லாந்து நிபுணர் எண்டு அச்சடிச்சாச்சு. விருந்தினர் ராஜாலாவைப் பார்க்கவேணும் எண்டு நிக்கினம். எங்களிட்டை எர்க்கி எண்டு ஒரு உண்மையான பின்லாந்துக்காரர் இருக்கிறார். நீங்கள் கொட்டிலுக்குள்ளை வேலையைச் செய்யுங்கோ. வெளியிலை ராஜாலாவாக எர்க்கி நிக்கட்டும். உங்களுக்குப் பிரச்சினை இல்லையே?"

மகேந்திரராஜா கணக்குப் பார்த்தார். உள்ளூர் அனுபவம் இல்லாததால் இஞ்சினியர் வேலை இல்லை. இப்போது உள்ளூரில் செய்த வேலையும் பின்லாந்துக்குப் போகிறது. திரும்பிப் போகலாம் என்றால் பஸ் நாளைக்குத்தான். அதைவிட, கால் அங்குலம் எப்படிப் பிழையானது என்று தெரியாமல் போக அவரால் முடியாது.

"வண்டியைக் காட்டுங்கோ" என்றார்.

வண்டிக் கொட்டிலில் எர்க்கி காத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், மெலிந்த மனிதர். தலையைப் படிய வாரி, சுத்தமான சேர்ட் போட்டிருந்தார். மேசையில் துணி விரித்து, பின்னல்போல முறுக்கிச் சுட்ட பணிஸ் ரொட்டி ஒன்றையும் கோப்பியையும் வைத்திருந்தார். கதவு திறந்ததும் எழுந்து, கையை நீட்டி, தன் மொழியில் நாலைந்து வசனம் மளமளவென்று சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் தேய்ந்தது. கடைசி வசனம் முடியவில்லை.

"மன்னிக்கவேணும்" என்றார் மகேந்திரராஜா. "நான் சிலோன்."

டெஸ் இரண்டொரு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு விருந்தினரைப் பார்க்கப் போய்விட்டார். எர்க்கி கதிரையில் இருந்தார். பணிஸை ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார், சுட்டதை என்ன செய்வது என்பதுபோல. மகேந்திரராஜா கடித்தார். உள்ளே ஏலக்காய் மணத்தது.

"இது எங்கடை சாமான்" என்றார் வியப்போடு.

"இல்லை, எங்கடை" என்றார் எர்க்கி. கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மகேந்திரராஜா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்குக் கீழே புகுந்தார். ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. இடதுபக்கப் பூட்டு நட்டில் சிவப்புக் கோடு இரண்டாக முறிந்து, ஒரு பாதி மேலேயும் ஒரு பாதி பக்கத்திலேயும் நின்றது. வலதுபக்கமும் அப்படித்தான். ஸ்கீக்கள் கால் அங்குலம் விரிவதற்குப் பதிலாக முன்பக்கம் ஒடுங்கி நின்றன.

"இதை ஆரோ தொட்டிருக்கினம்" என்றார் கீழே இருந்தபடி.

மேலே கதிரை கிறீச்சிட்டது.

வெளியே வந்து பார்த்தபோது எர்க்கியின் காது இரண்டும் சிவந்திருந்தன. "நான்தான்" என்றார். "ஸ்கீ விரிஞ்சு நிக்குது, கோணலாகக் கிடக்குது எண்டு டெஸ் சொன்னார். நேராக்கச் சொன்னார். கண்மட்டத்திலை நேராக்கினன்."

"உங்களுக்கு இந்த வேலை தெரியுமோ?"

எர்க்கி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "நான் பேக்கரிக்காரன். ஊரிலையும் அதுதான், மெல்பேர்னிலையும் அதுதான். இங்கை சமையலுக்கு ஆள் தேவை எண்டு வந்தனான். பின்லாந்து எண்டு சொன்னவுடனை பனிவண்டியின்ரை திறப்பைக் கையிலை தந்து ஓட்டச் சொல்லிட்டினம். மூண்டு பனிக்காலம். பனியிலை என்ன நடந்தாலும் என்னைத்தான் கேட்பினம். எனக்குக் குளிரே ஒத்துக்கொள்ளாது."

மகேந்திரராஜாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. பெட்டியைத் திறந்து ஸ்பனரை எடுத்தபோது மூடிக்குள் செருகியிருந்த கடிதம் கண்ணில் பட்டது. உருவிக் காட்டினார். "இது நீங்கள் எழுதினதோ?"

எர்க்கி அதை வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டினார். "நீங்கள் பதில் போடேல்லை எண்டு எனக்குக் கோபம். ராஜாலா பெரிய ஆள், என்னை மதிக்கேல்லை எண்டு நினைச்சன்."

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்டுமில்லை. ஊர்க்கதை. ஆற்றங்கரையிலை எங்கடை கடை இருந்த இடம். எனக்கு வண்டி வேலை தெரியாது, ஒருக்கால் வந்து காட்டித் தருவீங்களோ எண்டும் எழுதினன். மூண்டு வருஷமாய் என்ரை பாஷையிலை கதைக்க இங்கை ஒருத்தரும் இல்லை."

மகேந்திரராஜா அலுமினியச் சட்டத்தைப் பட்டையோடு ஒட்டி வைத்தார். "வாசியுங்கோ."

"உங்களுக்கு விளங்காதே."

"விளங்காட்டில் என்ன. எனக்குத்தானே எழுதினீங்கள். வாசியுங்கோ, கேட்கிறன்."

எர்க்கி நாலு பக்கத்தையும் வாசித்தார். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நின்று நிதானமாக. ஓரிடத்தில் சிரித்தார், ஓரிடத்தில் நிறுத்திக் கோப்பி குடித்தார். மகேந்திரராஜா பூட்டு நட்டுகளைத் தளர்த்தியபடி, மரியாதையான இடங்களில் 'ம்' கொட்டினார். கொழும்பில், அவருக்கு விளங்காத சிங்களத்தில் நடந்த டிப்போக் கூட்டங்களில் பழகிய 'ம்' அது. ஆனால் இன்றைக்கு அவர் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

வாசித்து முடிந்தபோது டெஸ் வந்தார். "முடிஞ்சுதோ?"

"இனித்தான் தொடக்கம். ஏறி இருங்கோ."

"நானோ?"

"உங்கடை எடைக்குத்தான் அளக்கவேணும்."

டெஸ் ஏறி இருந்தார். கொட்டிலின் கதவைத் திறந்துவிடச் சொன்னார் மகேந்திரராஜா. வெளிச்சம் வேண்டும் என்றார். வெளிச்சத்தோடு காற்றும் வந்தது. அரைச்சுற்று, அளவு. கால்சுற்று, அளவு. ஒவ்வொரு அளவையும் எர்க்கியைக் கொண்டு எடுப்பித்தார், ஏன் என்பதையும் சொல்லிச் சொல்லியே செய்தார். டெஸ் மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

"அசையவேண்டாம்" என்றார் மகேந்திரராஜா.

ஒரு மணித்தியாலமும் கால்மணியும் டெஸ் வில்லெட் அசையவில்லை. பாதி நேரம் அளவுக்கு, மீதி நேரம் அந்த மட்டைக்கு என்று மகேந்திரராஜா மனதுக்குள் வைத்துக்கொண்டார்.

பின்னேரம் நாற்பது விருந்தினரும் விடுதிக்கு முன்னால் திரண்டார்கள். "பின்லாந்திலிருந்து வந்த மிஸ்டர் ராஜாலா" என்று டெஸ் அறிவித்தார். எர்க்கி வண்டியில் ஏறினார். டெஸ்ஸின் எடைக்கு அளந்த வண்டி என்பதால் ஆசனத்தின் பின்பக்கம் ஒரு மாமூட்டையும் கட்டியிருந்தது. முகம் பனியைவிட வெளுத்திருந்தது. அதுவரை அவர் வண்டியை நடைவேகத்துக்கு மேலே ஓட்டியதில்லை. நெளிகிற வண்டியை வேகமாக ஓட்ட யாருக்குத்தான் மனம் வரும்?

மகேந்திரராஜா கொட்டில் வாசலில் நின்று பார்த்தார்.

வண்டி புறப்பட்டது. பயத்தில் எர்க்கியின் வலது பெருவிரல் விசையை அழுத்திவிட்டது. அழுத்திய விரல் திரும்ப எடுபடவில்லை. வண்டி பாய்ந்தது. காற்று அவருடைய தொப்பியைத் தூக்க, அவர் யோசிக்காமல் இடது கையை விட்டுத் தொப்பியைப் பிடித்தார். மேடும் பள்ளமுமாகக் கிடந்த வெளியில், தொப்பியில் ஒரு கை, விசையில் ஒரு பெருவிரல், கண் இரண்டும் மூடியபடி, ஆள் நானூறு மீற்றர் போனார். ஸ்கீக்கள் தனித்தனியாக ஏறி இறங்கின. வண்டி ஒரு சாண்கூட விலகவில்லை. பின்னால் இரண்டு சுத்தமான கோடுகள் மட்டும் நீண்டன.

விருந்தினர் கைதட்டினார்கள். "ஒற்றைக் கையாலை ஓட்டுறார் பாருங்கோ!" என்றாள் ஒருத்தி. "அவையளுக்கு இது பிறப்பிலை வாறது."

மகேந்திரராஜாவும் கைதட்டினார். தன்னுடைய வேலைக்குத்தான் தட்டினார். அதை யாரும் தடுக்க முடியாதே.

அந்தப் பனிக்காலம் முடிவதற்குள் வேறு மூன்று விடுதிகள் சன்ஷைனுக்கு வண்டி அனுப்பின. எல்லாரும் ராஜாலாவையே கேட்டார்கள். கெவ்வுக்கு அப்போதுதான் கடைசி எழுத்து காதில் ஏறியது. இந்தப் பேரை விடக்கூடாது என்பது அவருக்கு உடனே விளங்கியது. ஒக்டோபரில் எர்க்கி மலையை விட்டு இறங்கி நேரே கராஜுக்கு வந்து நின்றார். இனிமேல் பனிப்பக்கம் போவதில்லை, வேலையைப் பழக்கினால் போதும் என்றார். கெவ் அவரை முன் கவுண்டரில் இருத்தினார். வருகிறவர்கள் பின்லாந்துக்காரரோடு கதைத்துவிட்டு வண்டியை விட்டுப் போவார்கள். வண்டி பின்பக்கம் மகேந்திரராஜாவிடம் போகும்.

பெயரைக் கொடுத்துவிட்டு வேலையை வைத்துக்கொண்டது நல்லதா கெட்டதா என்று மகேந்திரராஜா சிலநாள் யோசித்தார். சிவனேஸ்வரி அந்த யோசனையை விரும்பவில்லை. "உங்கடை பேரை அவையள் முழுசாச் சொல்லப் பழகிறதுக்குள்ளை பனியெல்லாம் கரைஞ்சுபோம்" என்றாள். ஆனால் எர்க்கி சனிக்கிழமைகளில் ஏலக்காய்ப் பணிஸோடு வீட்டுக்கு வரும்போது, அவள் அவருக்கு முழுப்பெயரையும் சொல்லிக்கொடுத்தாள். அவர் 'மகேந்திரராஜா' என்று எழுத்து எழுத்தாக, ஒன்றையும் விழுங்காமல் சொல்வார். மெல்பேர்னில் அப்படிச் சொன்ன ஒரே வெள்ளைக்காரர் அவர்தான்.

வேலையையும் மெல்லப் பழகினார். கவுண்டரில் ஆளில்லாத நேரமெல்லாம் பின்பக்கம் வந்து சட்டத்தைப் பிடிப்பார், அளவைக் குறிப்பார். மாவு பிசைகிறவருடைய விரல் அது. நட்டு எவ்வளவு இறுகினால் போதும் என்பது அவருக்குச் சொல்லாமலே பிடிபட்டது.

1979 டிசம்பரில், மலையில் காவல் வேலை செய்கிற ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்தார். அமெரிக்கச் சஸ்பென்ஷன் பூட்டவேண்டும். அந்தக் கிழமை மகேந்திரராஜாவுக்கு வேறு வேலை நிறைந்திருந்தது. எர்க்கி தனியாகவே பூட்டினார், தனியாகவே நேர்ப்படுத்தினார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முடிந்தபோது வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

காவல்காரர் எடுத்துப்போக வந்தார். எர்க்கி ஒவ்வொரு அளவையும் விளக்கினார். வந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"உங்கடை பேர் பெரிய பேர்தான், மிஸ்டர் ராஜாலா. குறை நினைக்கக்கூடாது. ஆனால் மலையிலை எல்லாரும் சொல்லுகினம்... பின்னாலை ஒரு இந்தியன் இருக்கிறாராமே. அவர் பார்த்தவரோ?"

"அவர் இந்தியன் இல்லை" என்றார் எர்க்கி. "சிலோன்."

"ஆர் எண்டாலும் சரி. அவர் பார்க்காமல் நான் எடுக்கமாட்டன்."

எர்க்கி பின்பக்கம் வந்தார். மகேந்திரராஜா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். சொல்லத் தேவையில்லை, எல்லாம் கேட்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

காவல்காரரை ஏறி இருக்கச் சொல்லி, சட்டத்தை வைத்து அளந்தார். முன்நுனி, பின்நுனி. இடது, வலது. கால் அங்குலம். தான் வைத்தாலும் இதைவிடச் சுத்தமாக வைத்திருக்க முடியாது. 'மிகச் சரி, இவர் என்னைவிட நல்லாய்ச் செய்திருக்கிறார்' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். காவல்காரரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் அதைக் கேட்க வந்த முகமில்லை. சொன்னால் நம்பாது. நம்பாமல் வண்டியை வேறெங்கோ கொண்டுபோய் யாரையாவது கொண்டு நேராக்கும்.

மகேந்திரராஜா குனிந்து, ஒரு பூட்டு நட்டைத் தளர்த்தினார். கொஞ்சநேரம் அதையே உற்றுப் பார்த்தார். பிறகு இருந்த இடத்திலேயே திரும்ப இறுக்கினார்.

"இப்ப சரி" என்றார்.

காவல்காரர் பெருமூச்சு விட்டார். "அதுதானே பார்த்தன்!"

எர்க்கி மகேந்திரராஜாவைப் பார்த்தார். அவரும் எர்க்கியைப் பார்த்தார். மூன்று நாள் வேலை, ஒரு நட்டின் கால்சுற்றில் கைமாறிப் போனதை இருவரும் கண்டார்கள். மலையில் மகேந்திரராஜாவுக்கு நடந்தது எப்படி இருந்திருக்கும் என்று எர்க்கி இப்போது தெரிந்துகொண்டிருப்பார். அதைத் தெரியவைக்கவேண்டும் என்று மகேந்திரராஜா ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. இப்போது தானே அதைச் செய்துவிட்டது அவருக்கு வெட்கமாக இருந்தது.

வண்டி லொறியில் ஏறிப் போனது. இருவரும் பின்பக்கம் வந்தார்கள். மகேந்திரராஜா சாப்பாட்டுப் பெட்டியை நடுவில் நகர்த்தி வைத்து, இன்னொரு கதிரையைக் காலால் இழுத்துப் போட்டார்.

"சாப்பிடும். மூண்டு நாளாய் ஒண்டும் சாப்பிடேல்லைத்தானே."

எர்க்கி இருந்து, ஓர் இடியப்பத்தை எடுத்தார்.